பாதிப் பாலம் வரைக்கும்

என் ஓரகத்தி பசோனேயைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவளுடைய நடையைச் சொல்ல வேண்டும். அவ்வளவு மெதுவாக நடக்கிற பெண்ணை எங்கள் மலையில் பார்க்க முடியாது. தோட்டத்துக்குப் போனாலும் சரி, சந்தைக்குப் போனாலும் சரி, யோசித்து யோசித்துத்தான் காலை வைப்பாள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். "அக்கா, நீ தோட்டத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கிழங்கு முத்தி அழுகியே போயிடும்" என்பேன். "நீ ஓடு. முதல்ல போறவளுக்குத்தான் களை அதிகம்" என்பாள். வாயில் மட்டும் மெதுவெல்லாம் கிடையாது.

அந்த நடைதான் பின்னாளில் ஊர் பேர் தெரியாத எத்தனையோ அந்நியர்களை உயிரோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வாலே ஆற்றுக்கு இந்தக் கரை எங்கள் யம்பரிக் குலத்தின் நிலம். அந்தக் கரை காலேன்களுடையது. பசோனே அங்கே பிறந்தவள். என் கணவரின் அண்ணன் மினாலோ பன்றிகளைக் கொடுத்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தார். அதெல்லாம் நல்ல காலத்தில். பிறகு மேட்டில் இருக்கிற மலைத்தாழைத் தோப்பு யாருக்கு என்று தகராறு வந்தது. முதலில் வாய், அப்புறம் வில், அப்புறம் துப்பாக்கி. லாரி போகிற பெரிய பாலத்தையும் செல்போன் கோபுரத்தையும் எரித்தார்கள். எந்தப் பக்கத்து ஆள் எரித்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் யம்பரி வீட்டு மருமகள், எனக்கு ஒரே பதில்தான் உண்டு. ஆள் நடக்கிற பழைய கம்பிப் பாலம் மட்டும் மிஞ்சியது. என் கணவர் குராயின் தொடைக்குள் காலேன்கள் சுட்ட குண்டு ஒன்று தங்கிவிட்டது. மழைக்காலம் முழுக்க அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பது நான்தான். ஆகவே காலேன்களை எனக்குப் பிடிக்காது. பசோனேயைப் பிடிக்கும். ஒரே நெஞ்சில் இரண்டையும் வைத்துக்கொள்ள எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சீக்கிரமே பழகிவிடும்.

இந்தச் சண்டைக்குள் அந்நியர்கள் எதற்கு வருவார்கள் என்று கேட்கலாம். வருவார்கள். பறவை பார்க்க, பூ பார்க்க, ஜெபம் சொல்லிக்கொடுக்க, ஊசி போட என்று பப்புவா நியூகினிக்கு வந்து இறங்கி, எங்கள் மலைக்கும் ஏறி வந்துவிடுவார்கள். வந்தபிறகுதான் ரோடு அடைபட்டது தெரியும். விமானம் இறங்குகிற புல்தரை காலேன்கள் பக்கம் இருக்கிறது. ஆக, வீடு போய்ச் சேர ஆற்றைத் தாண்டியாக வேண்டும்.

முதலில் மாட்டிக்கொண்டது ஒரு ஜப்பான்காரி. பூச்சி பிடிக்க வந்தவள். (எங்களுக்கு எல்லாரும் வெள்ளைக்காரர்தான், ஆகவே அவளும் வெள்ளைக்காரி.) அவளை என்ன செய்வது என்று, ஊர் ஆண்கள் கூடுகிற பொதுவீட்டில் பெரிய வாக்குவாதம். அந்நியர் ஒருவர் எங்கள் மண்ணில் செத்தால் போலீஸ் லாரிகள் வரும். வந்தால் எந்தக் குலம், என்ன நியாயம் என்றெல்லாம் விசாரிக்காது, கண்ணில் பட்ட கூரைக்கெல்லாம் தீ வைத்துவிட்டுப் போகும். அதனால் அவள் பத்திரமாகப் போய்த் தொலைய வேண்டும் என்பதில் இரண்டு கரைக்கும் ஒரே எண்ணம். யார் கூட்டிப்போவது என்பதுதான் கேள்வி. ஆண் யார் போனாலும் பாலத்தில் கால் வைக்கும் முன்பே பிணம்.

பசோனே வாசலில் நின்று, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

எங்கள் வழக்கம் அப்படி. அங்கே பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவளை அந்தப் பக்கமும் சுடாது, இந்தப் பக்கமும் சுடாது. அவர்களுக்குத் தங்கை, எங்களுக்குப் பிள்ளைகளின் தாய். ஆனால் அப்படிப்பட்டவள்மேல் சந்தேகம் மட்டும் குறையாது. பிறந்த வீட்டுக்குச் சேதி கொண்டுபோவாள், எங்கே ஒளிந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். சண்டை தொடங்கியதிலிருந்து அவள் ஆற்றுப் பக்கம் தண்ணீர் மொள்ளக்கூடப் போகக்கூடாது என்று வைத்திருந்தார்கள். அன்றைக்கு வேறு வழி இல்லாமல் ஒரு தீர்ப்பு சொன்னார்கள். பாலத்தில் பாதி வரைக்கும் போகலாம். அங்கிருந்து காலேன் ஆள் ஒருவன் வந்து அந்நியரை வாங்கிக்கொள்ளட்டும். அந்த ஆளோடு அவள் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது அவள் அண்ணன் லகாரி.

முதல் தடவை நானும் கரையில் நின்று பார்த்தேன். பாலத்துக்கு ஏறும் முன் அவள் வாய்க்கு இரண்டு பக்கமும் கை வைத்துக் கூவினாள். "தோம்பே மக பசோனே வர்றேன். கூட ஒரு பொம்பள. மஞ்சச் சட்டை. கை காலி." பள்ளத்தாக்கே கேட்டது. அந்தப் பக்கப் புதரிலிருந்து லகாரியின் குரல் வந்தது. "வா. வழி தெறந்திருக்கு." அதன்பிறகுதான் அவள் காலை வைத்தாள். குரல் முதலில் போக வேண்டும், பதில் வர வேண்டும், பிறகுதான் கால். பதில் சொன்னவன் தெரிந்தவனாக இருக்க வேண்டும். ஏனென்றால் இப்போது இரண்டு பக்கமும் கூலிக்குச் சுடுகிறவர்களை வேறு ஊர்களிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு யார் யாருடைய தங்கை என்பது தெரியாது. பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், குரலை அப்படி வாங்க முடியாது என்பாள்.

அந்நியர்களுக்கு அவள் வைத்த சட்டங்கள் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்துவிடும். பச்சைச் சட்டை என்றால் கழற்றச் சொல்லுவாள். சண்டைக்காரன் போடுகிற நிறம். எங்கள் பிள்ளைகளின் சிவப்பு, மஞ்சள் பனியன்களைக் கொடுத்து, தொப்புள் தெரியத் தெரியப் பெரிய பெரிய ஆண்களை நடக்கவிடுவாள். துப்பாக்கி வைத்திருப்பவனைப் படம் எடுக்கக்கூடாது, விரலை நீட்டிக் காட்டக்கூடாது. யார் பக்கம் நியாயம் என்று கேட்கவே கூடாது. ஒருவன், ஏதோ பத்திரிகைக்காரன், அதைக் கேட்டுவிட்டான். "ரெண்டு பக்கமும் நியாயம்தான். அதனாலதான் முடியல. வாயை மூடிட்டு வா" என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: யார் கொடுத்தாலும் எதையும் அந்தக் கரைக்குத் தூக்கிப் போகக்கூடாது. ஒரு கிழங்கு, ஒரு பாக்கு, ஒரு சேதி, எதுவும் கூடாது. கொண்டுபோனால் சூனியம் என்பார்கள், வேவு என்பார்கள். நல்ல மனசுக்காரி ஒருத்தி, "உன் அண்ணனுக்கு ஏதாவது கொடுக்கிறாயா, நான் மறைத்துக் கொண்டுபோகிறேன்" என்று கேட்டாள். பசோனே அவளுடைய பையை முழுக்கக் கவிழ்த்துச் சோதித்துவிட்டுத்தான் புறப்பட்டாள். நான் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தேன். கொடுக்க அவளுக்கு எவ்வளவோ இருந்தது.

காலேன் ஆளோடு பேசக்கூடாது என்றார்களே தவிர, அந்நியரோடு பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அண்ணனும் தங்கையும் பாலத்தின் நடுவில் அந்தச் சந்து வழியாகப் புகுந்துவிட்டார்கள். லகாரி வந்து நின்று, தங்கையின் பக்கம் திரும்பாமல், அந்நியரின் முகத்தைப் பார்த்து எங்கள் மொழியில் சொல்லுவான்.

"இங்க பாருப்பா. உன்னைக் கூட்டிட்டு வந்தாளே, அவ சின்ன வயசுல என் பங்கு பன்றிக் கொழுப்பைத் திருடித் தின்னவ. பையில ஏதாவது இருந்தா எண்ணிப் பாத்துக்கோ."

அவன் ஏதோ பாதுகாப்பு விஷயம் சொல்கிறான் என்று நினைத்து அந்நியர் கவனமாகத் தலையாட்டுவார். பசோனேயும் அந்நியரைப் பார்த்தே பதில் சொல்லுவாள்.

"அந்தாளுக்கு முன்பல்லு ரெண்டும் போச்சு போல. இனிமே கொழுப்புக் குடுத்தாலும் என்ன பிரயோசனம்? கிழங்கை மசிச்சுத் தின்னச் சொல்லு."

"உன் கூட வந்தவகிட்டக் கேளு, அவ சின்னப் பையன் நடக்கிறானான்னு."

"நடக்கிறான், ஓடுறான், மாமனை மாதிரியே ஒரு வேலையும் செய்யிறதில்லன்னு சொல்லு."

இந்தக் கரையில் காவல் இருக்கிற எங்கள் ஆட்களுக்கும் அது கேட்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். அவர்களுக்கும் அக்கா தங்கைகள் எங்கெங்கோ வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள்.

அவ்வளவுதான் பேச்சு. கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்பான், தொடமாட்டாள். அந்நியரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, அடுத்த அந்நியர் வரும்வரை அதையே மென்றுகொண்டிருப்பாள். "இன்னைக்கு அண்ணனுக்குச் சளி, குரல் கட்டியிருந்துச்சு." "அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தான், அண்ணி துவைக்கவே இல்ல." எனக்கு அலுத்துப்போகும். ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் ஒரு காரியத்துக்காகத்தான் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் மினாலோவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் கோபம் வரும். வரட்டும். ஆற்றைத் தாண்டி அண்ணன் வீட்டு அடுப்பருகே ஒரு பொழுது உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. அந்நியர்களைக் காப்பாற்றுகிறவள் என்று பாதிரியார் அவளைப் புகழ்வார். அவளுக்கு அவர்கள் அண்ணனைப் பார்க்கக் கிடைத்த சாக்கு. அதற்காக ஒருவரையும் அலட்சியமாகக் கூட்டிப்போனதில்லை என்பதும் உண்மை.

இப்படியிருக்க, லூக்காஸ் என்றொரு சுவிட்சர்லாந்துக்காரன் வந்தான். பறவை பார்க்கிறவன். நெட்டையன், எங்கள் வீட்டு நிலையில் தினமும் தலையை இடித்துக்கொள்வான். அவனைக் கூட்டிக்கொண்டு பசோனே பாலத்தடிக்குப் போய்க் கூவினாள். பதில் வந்தது. லகாரியின் குரல் இல்லை.

நான் அன்றைக்குக் கூடப் போகவில்லை. அவள் சொல்லித்தான் தெரியும். "வாங்க, வழி தெறந்திருக்கு. நான் யாப்பிஸ், லகாரி மகன்" என்று வந்ததாம் அந்தக் குரல். யாப்பிஸ் அவள் அண்ணன் மகன். அவள் கடைசியாகப் பார்த்தபோது மூக்கொழுகிக்கொண்டு கீச்சுக் குரலில் கத்தித் திரிந்த பையன். இந்தக் குரலோ கனமான ஆண் குரல். கனமான குரல் மட்டுமென்றால் கூலிக்காரன் என்று நினைத்திருப்பாள். அது அவள் அப்பாவின் குரலாக இருந்தது. தோம்பே செத்து எத்தனையோ காலம் ஆகிறது. வார்த்தையின் கடைசியை இழுத்து மேலே தூக்குகிற அதே பழக்கம், அதே கரகரப்பு. ஆற்றங்கரையில் செத்தவர்கள் உயிரோடிருக்கிறவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது எங்களில் யாருக்குத் தெரியாது? அப்படிக் கூப்பிட்டால் முன்னால் சாவு இருக்கிறது. அவள் லூக்காஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"வழி திறந்திருக்குன்னுதானே சொன்னாங்க?" என்றானாம் அவன். எங்கள் பக்கத்துப் பொதுமொழி கொஞ்சம் தெரியும் அவனுக்கு.

"சொன்னது உசுரோட இருக்கிற ஆள் இல்ல. நட."

அவனுக்கு விமானம் போய்விட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே கிடந்து, கிழங்காகத் தின்றுவிட்டு, கடைசியில் மேற்கே பல நாள் நடையாக மலையேறிச் சுற்றிப் போன ஜெபக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். பசோனே அவன் கோபத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவளுக்கு ஒரே பூரிப்பு. "அப்பா வந்து என்னைத் தடுத்துட்டாரு மொனிக்கா. செத்தும் எம் மேல ஒரு கண்ணு வெச்சிருக்காரு." கொஞ்ச நேரம் கழித்து முகம் மாறிவிடும். "அண்ணன் ஏன் வரல?" என்பாள்.

அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஓர் அந்நியர் வேண்டியிருந்தது. யாரும் வரவில்லை. எங்கள் பள்ளத்தாக்கு ஆபத்து என்ற பேச்சு வெளியே பரவிவிட்டது போல. அவள் தோட்டத்தைப் போட்டுவிட்டு ரோட்டோரம் போய் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தாள். ஊர்ப் பெண்கள் கிண்டல் செய்தார்கள். "பசோனே வெள்ளைக்காரனுக்குக் காத்திருக்கா, மினாலோ அலுத்துட்டாரு போல." முன்பென்றால் திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்போது சிரிக்க மட்டும் செய்தாள். சாப்பாடு குறைந்தது. கன்ன எலும்பு தெரிந்தது. கழுத்தடியில் குழி விழுந்தது. நான் திட்டிப் பார்த்தேன், பன்றிக்கறியை ஒளித்து வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். அந்த நாட்களில் எனக்கு அவள் அண்ணன்மேல் அவ்வளவு ஆத்திரம். ஒரு வார்த்தை கூவிவிட்டுப் போனால் என்னவாம் அந்தப் பல்லில்லாதவனுக்கு என்று இருந்தது.

மழை நின்ற பிறகு லூர்தெஸ் வந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, நர்ஸ், குட்டையாக, எங்களில் ஒருத்தி மாதிரியே இருப்பாள். காலேன் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. விமானம் கிடைக்காததால் ஊசி மருந்தைக் குளிர்ப் பெட்டியில் எங்கள் பக்கமாகக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு பக்கமும் சம்மதித்தார்கள். பெட்டி கனம் என்பதால் பாலத்தடி வரை தூக்க நானும் போனேன்.

பசோனே கூவினாள். குரல் வழக்கத்தைவிட மெலிந்து போயிற்று. பதில் வந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் உதடு வெளுத்துவிட்டது.

"கேட்டியா? அப்பா."

"அக்கா, உங்கப்பாவை நான் பாத்ததும் இல்ல, கேட்டதும் இல்ல. எனக்கு இது ஏதோ எளவட்டப் பையன் தொண்டையாத்தான் கேக்குது. நெஞ்சுல காத்து நெறைய வெச்சுக்கிட்டுக் கத்துறான். செத்தவங்க இப்படியா மூச்சு வாங்குவாங்க?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அந்தக் குரல் மறுபடி கூப்பிட்டது. அது யாப்பிஸேதான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். நர்ஸை என்னிடம் விட்டுவிட்டு, "நான் கை தூக்குனா மட்டும் அனுப்பு" என்று சொல்லித் தனியாக ஏறினாள். அவள் வேகமாக நடந்ததை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாலம் ஆடியது.

எதிரிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் பூசியிருந்தான். நாங்கள் சாவுக்குத்தான் அப்படிப் பூசுவோம். கரையிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் இருவரும் நின்றார்கள். பசோனே கையை உயர்த்தினாள், அப்போதும் மறக்கவில்லை. நர்ஸ் போனாள். பெட்டி கரையிலேயே இருந்தது. அதை எடுக்க யாரும் வரவில்லை. அந்தப் பக்கம் எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. என்னைச் சுடக்கூடாது என்று யாருக்கும் கட்டாயம் கிடையாது. ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஏறிவிட்டேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது யாப்பிஸ் பேசிக்கொண்டிருந்தான். அந்நியர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற விளையாட்டு அவனுக்குத் தெரியாது. நேராக அத்தையின் கண்ணைப் பார்த்தே சொன்னான்.

"அப்பாவுக்குத் தொண்டையில கட்டி, அத்தை. குரல் போயிடுச்சு. அன்னைக்கு நீ கூவுனதும் என் முதுகுல ஏறிக்கிட்டுத்தான் வந்தாரு. நீ கத்துடான்னு சைகை காட்டினாரு, கத்துனேன். நீ திரும்பிப் போயிட்ட."

"என்னைப் பாத்தானா?"

"பாத்தாரு. புதருக்குள்ளதான் இருந்தோம்."

"என்ன சொன்னான்?"

"சத்தம் வராதுல்ல. என் காதுகிட்ட வந்து, 'சதை போட்டுட்டா பாரு. நல்லாத்தான் வெச்சிருக்கானுங்க'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. அப்புறம் எறங்கமாட்டேன்னுட்டாரு. நீ திரும்பி வருவேன்னு அங்கேயே உக்காந்திருந்தாரு."

"அப்புறம்?"

"மழை வந்துச்சு. தூக்கிட்டுப் போயிட்டேன்."

எங்கள் கரையிலிருந்து யாரோ, "பேச்சு போதும்" என்று கத்தினார்கள். யாப்பிஸ் என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு நர்ஸோடு நடந்தான். பசோனே கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போவதையே பார்த்தாள். வாயை இறுக்கி மூடியிருந்தாள். பாலத்தில் ஒரு பெண்ணின் ஓலம் கேட்டால் யாரையோ கொன்றுவிட்டார்கள் என்று இரண்டு பக்கமும் சுட ஆரம்பித்துவிடும், நடுவில் அந்த நர்ஸ் மாட்டிக்கொள்வாள். அவள் கரையேறி, வளைவு திரும்பி, அந்தச் சிவப்புச் சட்டை மறையும் வரை பசோனே மூச்சுக்கூட விடவில்லை. பிறகு அப்படியே பலகைமேல் உட்கார்ந்து அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதாள்.

எதிரியின் சாவுக்கு எங்கள் நிலத்தில் அழக்கூடாது. அழுத பெண்களை அடித்திருக்கிறார்கள். அதனால் அவள் அங்கேயே அழுது முடிக்க வேண்டியிருந்தது. கரையில் மினாலோ நின்றார், என் கணவர் கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். இருவரும் எங்களைக் கூப்பிடவில்லை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது. காலேன் ஒருவனுக்காக நான் அழுவேன் என்று யார் சொல்லியிருந்தாலும் அவர்களை அடிக்கப் போயிருப்பேன்.

வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் கையைப் பார்த்தாள். தோலும் எலும்புமான கை. புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"மொனிக்கா, நான் சதை போட்டிருக்கேனா?"

"ஆமாக்கா" என்றேன். "எங்க எல்லாரையும் விட நீதான்."

அவள் தலையாட்டிவிட்டு, என் தோளைப் பிடித்து எழுந்தாள்.